அபராதம் ‘ஓவரா’ போகிறதா? காவிரி டெல்டா சொல்லும் வேறு கணக்கு

2017 ஜூன் 30. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி.யின் கச்சா எண்ணெய்க் குழாயில் கசிவு. வயலில் எண்ணெய் பரவியது. ஊர் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், போலீஸ் தடியடி நடத்தியது. மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த.ஜெயராமன் உள்ளிட்ட 10 பேர் கைதாகி, ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார்கள்.

டெல்டாவில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது இந்தக் கைதுகள்தான். ‘கசிவுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள்?’ என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

இன்னொரு பக்கம், தொழில் துறையில் வேறு ஒரு குரல் பல வருடங்களாகக் கேட்கிறது. ‘சுற்றுச்சூழல் விபத்து என்றாலே கோடிக்கணக்கில் தீட்டுகிறார்கள், ஜெயில் என்று மிரட்டுகிறார்கள், இப்படிப் போனால் யார் தொழில் நடத்துவது?’ என்பது அதன் சாரம். மத்திய அரசும் அந்தக் குரலுக்குக் காது கொடுத்திருக்கிறது.

கம்பெனிகளுக்கான தண்டனை உண்மையிலேயே எல்லை மீறுகிறதா? டெல்டாவின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் தொகை பெரியதா சிறியதா என்பது இரண்டாவது கேள்விதான். அந்தப் பணம் யார் கைக்கு, எந்தப் போகத்துக்குள் போய்ச் சேருகிறது என்பதே முதல் கேள்வி.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது.

2023-ல் நாடாளுமன்றம் ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டத்தை நிறைவேற்றியது. சின்னச் சின்ன விதிமீறல்களுக்கு ஜெயில் வேண்டாம் என்பது அதன் நோக்கம். சுற்றுச்சூழல் சட்டத்திலும் மாற்றம் வந்து, 2024 ஏப்ரல் 1 முதல் அமலானது. இப்போது விதிமீறலுக்கு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதையும் கட்டாமல் இழுத்தடித்தால்தான் சிறை என்ற பேச்சே வரும். வசூலாகும் அபராதம், மத்திய அரசு அமைக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதிக்குப் போகும்.

15 லட்சம் என்றால் எவ்வளவு? ஓ.என்.ஜி.சி.யின் 2024-25 நிகர லாபம் 35,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்குச் சுமார் 96 கோடி, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 4 கோடி. அந்த வேகத்தில் 15 லட்சம் சம்பாதிக்க இரண்டேகால் நிமிடம் போதும். டீ ஆறுவதற்குள் அபராதம் ஈடுகட்டப்பட்டுவிடும்.

ஆனால் இது மட்டுமே முழுப் படம் இல்லை. 2010-ல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர்கள் தனியாக இழப்பீடு கேட்கலாம். கம்பெனியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. விபத்து நடந்து சேதம் ஏற்பட்டதைக் காட்டினால் போதும். தீர்ப்பாயத்தின் உத்தரவையே மதிக்காத கம்பெனிக்கு 25 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி இருக்கிறது. கம்பெனிகள் பயப்படுவது 15 லட்சத்துக்கு அல்ல, இந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான்.

டெல்டாவுக்கு என்று தனியாக ஒரு சட்டமும் உண்டு. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை போட்டது. மீறினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். கேட்க கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. அதாவது, வயலுக்கு அடியில் ஏற்கெனவே ஓடும் பழைய குழாய்க்கு இந்தத் தண்டனை பொருந்தாது. கசியும் வாய்ப்பு அதிகம் உள்ளது எது? பழைய குழாய்தான்.

‘ஓவரா போகுது’ என்பவர்களின் வாதம்

இந்த வாதத்தை வெறும் முதலாளிகளின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் மூன்று நியாயமான விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, அபராதத் தொகை எப்படி வந்தது என்றே சில வழக்குகளில் புரிவதில்லை. ஒரு ரசாயன கம்பெனிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 25 கோடி ரூபாய் விதித்திருந்தது. கம்பெனியின் வருமானம் 100 கோடிக்கும் 500 கோடிக்கும் இடையில் என்பதுதான் அடிப்படை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வருமானத்துக்கும் சுற்றுச்சூழல் சேதத்துக்கான அபராதத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றது.

ஆனால் அதே உச்ச நீதிமன்றம், தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் 2013 ஏப்ரல் 2 அன்று 100 கோடி ரூபாய் விதித்தபோது கம்பெனியின் அளவையும் லாபத்தையும் கணக்கில் எடுத்தது. அதற்குக் குறைவாகப் போட்டால் உறைக்காது என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆக, கோர்ட்டுகள் இதில் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை. ஒரு கம்பெனிக்கு எவ்வளவு விழும் என்பது எந்த பெஞ்சிடம் வழக்கு போகிறது என்பதைப் பொறுத்தது என்றால், அது நியாயம் இல்லை.

இரண்டு, வேலை. ஆலையை மூடினால் முதலில் நடுத்தெருவுக்கு வருவது காண்ட்ராக்ட் தொழிலாளி. முதலாளி வேறு தொழில் பார்த்துக்கொள்வார்.

மூன்று, சின்னக் கம்பெனிக்கும் பெரிய கம்பெனிக்கும் ஒரே தொகை ஒரே சுமை அல்ல. 15 லட்சம் ஒரு சாயப்பட்டறையை மூட வைக்கும். எண்ணெய் நிறுவனத்துக்கு அது கொசுக்கடி.

இந்த மூன்றையும் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் கிடைக்கும் முடிவு ‘தெளிவாகக் கணக்குப் போடுங்கள்’ என்பது. ‘குறையுங்கள்’ என்பது அல்ல. இரண்டும் வேறு வேறு.

ஒரு ஏக்கரின் கணக்கு

டெல்டா விவசாயி பக்கம் இருந்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 60 கிலோ மூட்டையாக 30 மூட்டை நெல் எடுத்தால் 18 குவிண்டால். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் பொது ரகத்துக்குத் தமிழகக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 45,000 ரூபாய். இதில் உழவு, நாற்று, உரம், அறுவடை மிஷின் வாடகை எல்லாம் போகத்தான் மிச்சம்.

வெள்ளம் வந்தால் ஒரு போகம் போகும். தண்ணீர் வடிந்ததும் அடுத்த போகத்துக்கு உழுதுவிடலாம். எண்ணெய் அப்படி இல்லை. டெல்டாவின் களிமண்ணில் எண்ணெய் படிந்தால் காற்றும் நீரும் இறங்காது, வேர் திணறும். மேல்மண்ணை வெட்டி எடுக்க வேண்டும், அல்லது எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகளை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் காலம் பிடிக்கும். குறுவை போய், தாளடி போய், அடுத்த வருடச் சம்பாவும் கேள்விக்குறியாகலாம்.

அந்த நாட்களில் நகைக்கடன் வட்டி நிற்காது. கூட்டுறவு சங்கத்தின் தவணையும் காத்திருக்காது. இழப்பீடு பத்து வருடம் கழித்து வந்தால், அந்த நிலம் அப்போது அவர் கையில் இருக்குமா என்பதே சந்தேகம்.

இதில் இன்னொரு சிக்கல், டெல்டாவில் உழுபவரும் பட்டாதாரரும் பல இடங்களில் வேறு வேறு ஆள். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவரின் நிலம் என்று குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் ஏராளம். இழப்பீட்டுப் பட்டியல் பட்டாவைப் பார்த்துத் தயாரானால், பணம் சென்னையில் இருக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்குப் போகும். நட்டம் கதிராமங்கலத்தில் இருப்பவருக்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

இறால் பண்ணை: ஜெயித்த வழக்கு, தோற்ற ஊர்

பெரிய தண்டனை மட்டும் போதாது என்பதற்குக் கீழத்தஞ்சையே சாட்சி.

1990-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. உப்புத் தண்ணீரைத் தேக்கி வைத்ததால் பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உப்பாகின்றன என்று மக்கள் எழுந்தார்கள். காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்து, இறாலில் வரும் வருமானத்தைவிட அதனால் வரும் சேதம் அதிகம் என்று அறிக்கை கொடுத்தது.

1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் வழக்குகளில் கடுமையானவற்றில் ஒன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம். வேலை இழக்கும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான ஈட்டுத்தொகையோடு 6 வருடச் சம்பளமும் பண்ணை முதலாளிகளே தர வேண்டும். ‘தண்டனை போட்டால் தொழிலாளி என்ன ஆவான்?’ என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை எந்தக் கோர்ட்டும் கொடுத்ததில்லை.

அப்புறம் என்ன ஆனது? மறுசீராய்வு மனுக்கள் போயின, தீர்ப்பின் அமலாக்கம் நின்றது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் அந்தத் தடை இந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று, 1991 பிப்ரவரி 19 முதலே முன்தேதியிட்டு மாற்றிவிட்டது. தீர்ப்பு எதன் மீது நின்றதோ அந்தத் தரையே உருவப்பட்டது. 2023-ல் அந்தச் சட்டத்தில் இருந்த 3 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையும் நீக்கப்பட்டது.

தண்டனை ‘எல்லை மீறிப்போனது’ என்று சொன்னால், அது எழுத்தில் மட்டும்தான். நிலத்தில் அது காலே வைக்கவில்லை.

பாலாறு: தலைக்கு ஒன்பதாயிரம்

டெல்டாவுக்கு வெளியே, வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கும் இதே கதைதான். ‘கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்ததே அந்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28-ல். தமிழ்நாட்டு ஆற்றங்கரையில் பிறந்த கொள்கை என்றுகூடச் சொல்லலாம்.

அதற்காக அமைக்கப்பட்ட ஆணையம் 2001-ல் இழப்பீட்டைக் கணக்கிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 29,000 பேர். மொத்தத் தொகை சுமார் 26.8 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,000 ரூபாய் சொச்சம். நிலமும் கிணறும் கெட்டதற்கு!

அதுவும் முழுதாக வந்து சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, மிச்சமுள்ள குடும்பங்களுக்கு 6 வாரத்துக்குள் இழப்பீடு கொடுங்கள், அதைக் கெடுத்தவர்களிடம் வசூல் செய்யுங்கள் என்று அரசுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 வருடங்கள். அப்போது நிலத்தைப் பறிகொடுத்தவரின் பேரன் இன்று பெங்களூருவில் ஐ.டி. வேலையில் இருக்கலாம். பாட்டன் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும்.

அரசே கெடுத்தால் யார் பாக்கெட்?

டெல்டாவின் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இங்கே எண்ணெய் எடுப்பதும் சுத்திகரிப்பதும் பெரும்பாலும் பொதுத்துறை நிறுவனங்கள். ஓ.என்.ஜி.சி. மத்திய அரசின் நிறுவனம். நாகை மாவட்டத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் சி.பி.சி.எல்., இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம்.

2023 மார்ச் 2 அன்று நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில் சி.பி.சி.எல். குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் அபராதம் கேட்கவில்லை, குழாயையே எடுங்கள் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் பேசப்பட்ட பெயர் சி.பி.சி.எல்.தான். அப்போது நிவாரணம் அறிவித்தது தமிழக அரசு. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று மொத்தம் சுமார் 8.68 கோடி. உடனடித் தேவைக்கு நல்ல விஷயம்தான். ஆனால் அது மக்களின் வரிப்பணம்.

பொதுத்துறைக்கு அபராதம் போட்டால், அரசின் ஒரு பாக்கெட்டில் இருந்து இன்னொரு பாக்கெட்டுக்குப் பணம் மாறுகிறது, அவ்வளவுதான். குழாயை மாற்றாமல் தள்ளிப்போட்ட அதிகாரியின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது. அதனால்தான் ‘ஜெயிலே வேண்டாம், அபராதம் போதும்’ என்ற வாதம் தனியார் கம்பெனிக்கு ஓரளவு பொருந்தலாம், டெல்டாவுக்குப் பொருந்தாது. பணம் உறைக்காத இடத்தில் தனிநபர் பொறுப்புதான் உறைக்கும்.

அமெரிக்கா என்ன செய்தது?

தண்டனை எல்லை மீறுகிறது என்ற பேச்சு அங்கேயும் உண்டு. 1989-ல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியதற்கு, 1994-ல் ஜூரி 500 கோடி டாலர் தண்டனைத் தொகை விதித்தது. 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 50.75 கோடி டாலராக வெட்டியது. இழப்பீட்டின் அளவைத் தண்டனைத் தொகை தாண்டக் கூடாது என்று அந்த வழக்குக்கு ஒரு கோடு போட்டது.

2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. நிறுவனத்தின் கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். 2016-ல் முடிவான ஒப்பந்தப்படி மட்டும் பி.பி. கட்ட வேண்டியது 2,080 கோடி டாலர். கம்பெனி அழிந்துபோகவில்லை, இன்றும் நடக்கிறது. இதில் டெல்டாவுக்கு முக்கியமான பாடம் தொகை அல்ல. தண்ணீர் மாசுச் சட்டத்தின் கீழ் வசூலாகும் அபராதத்தில் 80 சதவீதம், கெட்டுப்போன வளைகுடாக் கரையை மீட்கவே செல்ல வேண்டும் என்று 2012-ல் தனிச் சட்டமே போட்டார்கள். பணம் வாஷிங்டன் கஜானாவில் கரையாமல், கரைக்கே திரும்பியது.

இங்கேயும் அதற்கு ஒரு சின்ன முன்மாதிரி இருக்கிறது. ஸ்டெர்லைட்டின் 100 கோடியைக் கலெக்டரிடம் டெபாசிட் செய்து, அதன் வட்டியை ஆலையைச் சுற்றியுள்ள நீரையும் மண்ணையும் மேம்படுத்தச் செலவிட வேண்டும் என்றுதான் 2013 தீர்ப்பு சொன்னது. ஒரு வழக்கில் முடிந்ததைப் பொது விதியாக ஆக்க முடியாதா?

என்ன செய்யலாம்?

*அபராதம் வேறு, இழப்பீடு வேறு.* இரண்டையும் குழப்புவதால்தான் ‘கோடிக்கணக்கில் தீட்டுகிறார்கள்’ என்ற தோற்றம் வருகிறது. மண்ணைச் சுத்தம் செய்யும் செலவும் விவசாயியின் நட்டமும் தண்டனையே அல்ல, அது கடன். கடனைத் திருப்பிக் கேட்பதை யாரும் ‘எல்லை மீறல்’ என்று சொல்ல முடியாது.

*கணக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.* எத்தனை ஏக்கர், எத்தனை போகம், கம்பெனியின் அளவு, முன்பு எத்தனை கசிவு என்று ஒரு வாய்ப்பாடு இருந்தால், கம்பெனிக்கும் தெளிவு, விவசாயிக்கும் தெளிவு.

*இடைக்கால இழப்பீடு அடுத்த போகத்துக்கு முன்.* கசிவு நடந்த வயலுக்கு முதல் தவணை அடுத்த நாற்றங்கால் விடும் முன் வர வேண்டும். மிச்சத்தைக் கோர்ட்டில் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம். இதற்கான பணத்தை ஒவ்வொரு குழாய்க்கும் கிணற்றுக்கும் முன்பணமாகவே மாவட்ட அளவில் கட்டி வைக்கச் சொல்லலாம்.

*பட்டியலில் உழுபவர் பெயர்.* பட்டாவை மட்டும் பார்க்காமல், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலையும் நேரடி விசாரணையையும் வைத்துக் குத்தகைதாரரையும் விவசாயக் கூலித் தொழிலாளரையும் சேர்க்க வேண்டும்.

*பழைய குழாய்க்கும் சட்டம்.* வேளாண் மண்டலச் சட்டத்தின் பாதுகாப்பு புதிய திட்டங்களோடு நின்றுவிடக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் குழாய்களின் வயது, கடைசியாகச் சோதித்த தேதி, பொறுப்பான அதிகாரி யார் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். சோதிக்காமல் விட்டது தெரிந்தால், அந்த அதிகாரி தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டும்.

இவற்றில் எதுவும் தொழிலுக்கு எதிரானது அல்ல. சொல்லப்போனால் ஒழுங்காகக் குழாயைப் பராமரிக்கும் கம்பெனிக்கு இது லாபம். காசை மிச்சம் பிடித்துப் பராமரிப்பைத் தள்ளிப்போடும் கம்பெனியோடு அது போட்டி போட வேண்டியிருக்காது.

கம்பெனிகளுக்கான தண்டனை எல்லை மீறுகிறதா என்ற விவாதம் டெல்லியில் தொடரட்டும். இறால் பண்ணை வழக்கையும் பாலாற்றையும் பார்த்த ஒரு விவசாயிக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். அவர் பார்த்தவரையில் தண்டனை எல்லை மீறியதும் இல்லை, அவர் ஊர் எல்லைக்குள் வந்ததும் இல்லை.